முதலில் இருபது பாக்கெட் விற்றுப் பாருங்கள்

மாவு, பொடி, ஊறுகாய், தின்பண்டம் என்று நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சிறு உணவுத் தொழில் தொடங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவையில் சிறுதானிய இட்லி, தோசை மாவு விற்க முனைந்த எங்கள் குழுவில் முதல் பாக்கெட் ஒரு வீட்டுக்குப் போவதற்குள் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடியிருந்தது. மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் கரைந்திருந்தது, பெரும்பகுதி திரும்பவே இல்லை. அந்த மாதங்களில் அறிவுரை கேட்ட இடமெல்லாம் ‘இன்னும் நல்லா பிளான் பண்ணிட்டு இறங்குங்க’ என்றே சொன்னார்கள். கைமுதல் குறைவாக உள்ள சிறு குழுவுக்கு அது ஆபத்தான அறிவுரை என்று இன்று உறுதியாகச் சொல்வேன். பணம் எந்த வரிசையில் போகிறது, எந்த வேலையை அவசரமாகச் செய்யலாம், எதில் ஒரு அடிகூட அவசரப்படக் கூடாது என்பதை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் கட்டம் பேச்சில் போகும். பெயர், லோகோ, மூன்று வருட விற்பனைக் கணக்கு போட்ட எக்செல் தாள், போட்டி நிறுவனங்களின் விலைப் பட்டியல், ஒவ்வொரு ஞாயிறும் கூட்டம். கூட்டம் முடிந்து எழும்போது பெரிய வேலை முடித்த திருப்தி மனதில் இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அந்தத் தாளில் ‘மாதம் 15 சதவீத வளர்ச்சி’ என்று இருக்கும் கட்டத்தை யார் எந்த ஆதாரத்தில் நிரப்பினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருக்காது. அடுத்து கருத்துக் கணிப்பு. தெரிந்தவர்களிடம் படிவம் அனுப்பி ‘சிறுதானிய மாவு கிடைத்தால் வாங்குவீர்களா?’ என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் ஆமாம் என்பார்கள். நம் மனம் நோகக் கூடாதே என்ற அன்பில் வரும் ஆமாம் அது. வாங்குவீர்களா என்று கேட்பதால் எதுவும் தெரியாது. ‘500 கிராம் 60 ரூபாய், வியாழக்கிழமை காலை வீட்டுக்கு வரும், இப்போதே பணம் அனுப்புகிறீர்களா?’ என்று கேட்டால்தான் தெரியும். அப்படிக் கேட்கும்போது வயிற்றில் ஒரு கலக்கம் வரும். மறுத்துவிடுவார்களோ என்ற அந்தப் பயத்தைத் தள்ளிப்போடத்தான் பாதிக் கூட்டங்கள் நடக்கின்றன என்பது என் எண்ணம்.

பெயருக்காக மாதக்கணக்கில் வாதாடாதீர்கள். வணிகச் சின்னப் பதிவுத் தளத்தில் மாவு, பொடி போன்றவற்றுக்கான 30ஆம் வகுப்பில் அதே பெயரோ நெருங்கிய பெயரோ இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் விண்ணப்பித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய். இருபது வீட்டில் சோதனை செய்து பார்க்கும்வரை அதுகூட அவசரமில்லை.

பெரிய பணம் போகும் இடம் பாக்கெட் அச்சு. வண்ணமயமான பாக்கெட் ஃபிலிம் பெரும்பாலும் கிராவூர் என்ற உருளை அச்சு முறையில் அச்சாகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும், ஐந்து நிறம் என்றால் ஐந்து சிலிண்டர். அதற்கு மேல் குறைந்தபட்ச ஃபிலிம் இத்தனை கிலோ எடுத்தே ஆக வேண்டும் என்பார்கள். அது ஒரு சிறு தொழிலுக்கு வருடக்கணக்கில் வரும் அளவு. ‘கிலோவுக்கு விலை குறைகிறதே’ என்று மனம் அதில்தான் போய் நிற்கும். ஆனால் அந்த ஃபிலிமில் என்னென்ன அச்சாகிறது என்று பாருங்கள்: நிகர எடை, முகவரி, எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்கப் பதிவு எண், சேர்மானங்கள். நாம் 1 கிலோ என்று அச்சடித்திருப்போம். மூன்று பேர் உள்ள வீடு அரைக் கிலோ கேட்கும். வாடகை கட்டுப்படியாகாமல் இடம் மாறினால் முகவரி மாறும். பதிவு இடத்தைச் சார்ந்தது என்பதால் எண்ணும் மாறும். தினையை எடுத்துவிட்டு வரகு போட்டால் சேர்மானப் பட்டியல் மாறும். இதில் ஒன்று மாறினாலும் மொத்த ஃபிலிமும் எடைக்குப் போடும் பொருள். எங்கள் நஷ்டத்தில் மிகப் பெரிய துண்டு இதுதான். அந்தச் சுருள்களைப் பார்த்தபோது வந்த வேதனை நெடுநாள் போகவில்லை.

இதற்கு மாற்று மிகச் சாதாரணமானது. அச்சில்லாத பவுச் நூறு இருநூறு என்ற எண்ணிக்கையிலேயே கடைகளில் கிடைக்கிறது. டிஜிட்டல் அச்சகத்தில் ஒரு தாளில் எட்டோ பத்தோ ஸ்டிக்கர் வரும்படி அடித்து ஒட்டலாம். ஃபிரிட்ஜ் ஈரத்தில் காகித ஸ்டிக்கர் உரிந்து மை கலையும், அதனால் பிளாஸ்டிக் ஸ்டிக்கர்தான் கேட்க வேண்டும். ஒரு பாக்கெட்டுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடுதலாகும். அந்தக் கூடுதல் செலவைக் கண்டு தயங்காதீர்கள், எதையும் அடுத்த வாரமே மாற்றலாம் என்ற வசதிக்குக் கொடுக்கும் விலை அது.

இயந்திரமும் அப்படியே. எவ்வளவு விற்கும் என்று தெரியும் முன் 40 லிட்டர் சாய்வு கிரைண்டர் வாங்கினால், கால் பங்கு ஊறப் போட்டு ஓட்டும்போது கல்லுக்கு மாவு சரியாக எட்டாது, அரைப்பு சீராக வராது. பிறகு விற்கப் போனால் வாங்கிய விலையில் பாதி கிடைப்பதே அரிது. கோவையில் கிரைண்டர் வேண்டும் என்று சொன்ன வாரமே கிடைக்கும், முன்கூட்டி வாங்கி வைக்கக் காரணமே இல்லை. தொடக்கத்துக்கு ஒரு 10 லிட்டர் கிரைண்டர் போதும். வாடகை முன்பணத்தில் பதினோரு மாத ஒப்பந்தம் போட்டு மாட்டிக்கொள்ளாமல், சிறிய சமையலறையைப் பதிவு செய்தே தொடங்குங்கள். பெங்களூரில் 2005இல் இட்லி, தோசை மாவு விற்கும் ஐடி ஃபிரெஷ் நிறுவனத்தை பி.சி. முஸ்தபாவும் அவரது உறவுச் சகோதரர்களும் தொடங்கியபோது இருந்தது 50 சதுர அடி இடமும் இரண்டு கிரைண்டரும்தான். பக்கத்துக் கடைகளில் நாளுக்கு 100 பாக்கெட் விற்றால் மேற்கொண்டு முதலீடு என்று ஒரு எல்லை வைத்துக்கொண்டார்கள். இடத்தின் அளவைவிட அந்த எல்லைதான் நாம் கவனிக்க வேண்டியது.

வேகமாகச் செய்து பார் என்றால் எல்லாவற்றிலும் அவசரம் என்று அர்த்தமில்லை. அமேசானின் ஜெப் பெசோஸ் 2015ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் முடிவுகளை இரண்டாகப் பிரித்தார்: போனால் திரும்ப முடியாத கதவு, போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரக்கூடிய கதவு. முதலாவதில் நிதானம் வேண்டும், இரண்டாவதில் வேகம் வேண்டும் என்றார். எங்களைப் போன்ற குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பாக்கெட்டின் பச்சை நிறம் இலைப்பச்சையா கிளிப்பச்சையா என்று மூன்று வாரம் பேசுவார்கள், பங்காளிகளுக்குள் யாருக்கு எவ்வளவு என்பதை வாய்ப்பேச்சில் விட்டுவிடுவார்கள். நிதானமாக யோசிக்க வேண்டியவை சிலதான். கூட்டு ஒப்பந்தம், கடன், நீண்ட வாடகை, பெரிய இயந்திரம், சம்பள ஆள். இவற்றுக்கெல்லாம் மேலே, சாப்பிடுகிறவர் உடல்நலம்.

உணவில் சோதனை விற்பனை என்றாலும் விற்பனைதான். எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அடிப்படைப் பதிவு இல்லாமல் ஒரு பாக்கெட்கூடக் கொடுக்காதீர்கள். ஆண்டு விற்றுமுதல் ஒரு வரம்புக்குள் இருக்கும் சிறு தொழிலுக்கு அதன் கட்டணம் மிகக் குறைவுதான். வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் நாளில் அந்த ஆணையத்தின் ஃபாஸ்கோஸ் என்ற பதிவுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இடைத்தரகரிடம் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை. தண்ணீரை ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை வாங்குங்கள். மாவில் கை வைக்கும் எல்லோருக்கும் மருத்துவச் சான்று எடுங்கள். ஸ்டிக்கரில் பொருளின் பெயர், சேர்மானங்கள், சைவக் குறி, நிகர எடை, அனைத்து வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்ச விலை, தயாரித்த நாள், பயன்படுத்த வேண்டிய நாள், தொகுதி (பேட்ச்) எண், முகவரி, புகார் எண் இருக்க வேண்டும். ‘சர்க்கரை நோய்க்கு நல்லது’ என்பது போன்ற எதையும் அச்சடிக்காதீர்கள். எடை போடும் தராசு முத்திரையிட்டதாக இருக்கட்டும். இவற்றைத் தள்ளிப்போடாமல் ஓடி முடித்தால் ஓரிரு வாரத்தில் பெரும்பாலும் தயாராகிவிடலாம். நாங்கள் வருடம் முழுவதும் பேசிக்கொண்டிருந்த எதுவும் இந்த வேலைகள் அல்ல என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது முதல் சோதனை. ஒரு குடியிருப்பில் இருபது வீடுகள் போதும். இலவச மாதிரி வேண்டாம், முழு விலைக்கு விற்க வேண்டும். தொடங்கும் முன் ஒரு அட்டையில் ஐந்து வரி எழுதுங்கள்: நாம் நம்புவது என்ன, அதைச் சோதிக்க என்ன செய்யப் போகிறோம், அதிகபட்சம் எவ்வளவு பணம், எந்தத் தேதியில் முடிகிறது, கடைசியாக எந்த எண் வந்தால் தொடர்வோம் எது வந்தால் நிறுத்துவோம் என்பது. உதாரணமாக, ‘வரகு மாவை வேலைக்குப் போகும் குடும்பங்கள் வாராவாரம் வாங்கும், இருபது வீட்டுக்குக் கொடுப்போம், 3,000 ரூபாய், பதினைந்து நாள், நாம் நினைவூட்டாமல் இரண்டாம் வாரம் பத்து வீடு கேட்டால் தொடர்வோம், ஐந்துக்குக் கீழே போனால் இந்தக் கலவையை விட்டுவிடுவோம், நடுவில் வந்தால் ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி’. கடைசி வரியை விற்பதற்கு முன்பே எழுத வேண்டும். விற்ற பிறகு எழுதினால் எந்த எண் வந்தாலும் மனம் அதற்கு ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்துவிடும். முதல் வாங்கலை எண்ணாதீர்கள், அது தெரிந்தவர்கள் என்பதற்காகவும் ஆவலுக்காகவும் நடப்பது. இரண்டாவது வாங்கல்தான் மாவுக்குக் கிடைக்கும் மதிப்பெண்.

இந்தச் சிறு சோதனை முதல் வாரத்திலேயே எங்கள் எக்செல் தாளில் இல்லாத ஒன்றைக் காட்டியது. பாக்கெட் உப்பியது. நாலு பங்கு வரகும் இட்லி அரிசியும், ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் என்று அரைக்கும் மாவில் நுண்ணுயிர்கள் வேலை செய்து கரியமில வாயுவை விடுகின்றன. மாவு பொங்குவதும் அதனால்தான், பாக்கெட் உப்புவதும் அதனால்தான். கெட்டுப்போனது என்று வாங்கியவர் நினைக்கிறார். முதல் புகார் வந்த அன்று குழுவில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் இருபது வீடு என்பதால் அன்று மாலையே எல்லா வீட்டுக்கும் நேரில் போய் விளக்க முடிந்தது, பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. இதே விஷயம் ஐம்பது கடையில் ஒரே நாளில் நடந்திருந்தால் பெயரே போயிருக்கும்.

உப்பலுக்குக் காரணங்கள் பல, ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். கிரைண்டர் ஓடும்போது கல் உராய்ந்து மாவு சூடாகிறது. சித்திரை வெயிலில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி அரைத்தால் மாவு எடுக்கும்போதே 35 டிகிரியைத் தாண்டியிருக்கும், புளிப்பு கட்டுக்கடங்காமல் ஓடும். உளுந்துக்கு ஐஸ் தண்ணீர் ஊற்றினால் இது அடங்குகிறது. அடுத்தது நிரப்பும் அளவு: பவுச்சில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும். பிறகு குளிர்: பாக்கெட்டுகளை அட்டைப் பெட்டியில் நெருக்கி அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் நடுவில் இருப்பவை குளிர்வதற்கே பல மணி நேரம் பிடிக்கும், அதற்குள் அவை பொங்கிவிடும். துளையிட்ட தட்டில் இடைவெளி விட்டுப் பரப்பி 5 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்த பிறகே அடுக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மாற்றினால் உப்பல் நிற்கும், எது நிறுத்தியது என்று தெரியாது, செலவு பிடிக்கும் மூன்று வேலைகளையும் காலம் முழுக்கச் செய்துகொண்டிருக்க வேண்டியதாகும்.

புளித்த மாவைக் கொடுப்பதா, புளிக்காத மாவைக் கொடுப்பதா என்ற கேள்வியும் இப்படித்தான் தீர்ந்தது. புளிக்காமல் குளிர்வித்துக் கொடுத்தால் உப்பல் குறைவு, நாள் தாங்கும். ஆனால் வாங்கியவர் முந்தின இரவே வெளியே எடுத்து வைக்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு வேலையிலிருந்து வந்து உடனே தோசை ஊற்ற நினைப்பவருக்கு அது பயன்படாது. இதைப் பற்றிக் கூட்டத்தில் எவ்வளவு பேசினாலும் யார் குரல் உயர்ந்ததோ அவர் கருத்துதான் வெல்லும். பத்து வீட்டுக்கு ஒன்று, பத்து வீட்டுக்கு மற்றொன்று என்று ஒரே விலையில் கொடுத்தால் வீடுகளே சொல்லிவிடும்.

ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பாக்கெட்டை விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நம் ஃபிரிட்ஜில், இன்னொன்று மேசைமேல். தினமும் ஒரே நேரத்தில் உப்பல், மணம், புளிப்பைக் காட்டும் பி.எச். தாளின் நிறம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். ‘ஐந்து நாள் தாங்கும்’ என்று ஸ்டிக்கரில் போடும் எண் இந்த நோட்டிலிருந்து வர வேண்டும், அதுவும் நாம் கண்ட நாளைவிட ஒன்றிரண்டு குறைத்து. விற்பனை பெருகும் முன் ஆய்வகத்திலும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைகளுக்குப் போகும்போது ஐந்து கடைக்கு மேல் வேண்டாம். ‘போட்டுட்டுப் போங்க, வித்தா காசு தர்றேன்’ என்பார்கள், சோதனைக்கு அது பரவாயில்லை. ஆனால் கணக்கைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். விலை 60 ரூபாய், கடைக்காரருக்கு 20 சதவீதம், நமக்கு 48. தயாரித்து, பாக்கெட் போட்டு, வண்டியில் கொண்டுசேர்க்க 38 என்று வைத்துக்கொண்டால் விற்ற பாக்கெட்டுக்கு லாபம் 10. திரும்பி வரும் பாக்கெட்டில் நஷ்டம் 38. பத்துக்கு இரண்டு திரும்பினால் எண்பது ரூபாய் லாபத்தில் எழுபத்தாறு போய்விடும், மிச்சம் நாலு ரூபாய். மூன்று திரும்பினால் கைக்காசு 44 போகும். ஆகவே கடை வாரியாக வைத்தது, விற்றது, திரும்பியது என்ற மூன்று எண்ணைத் தினமும் எழுதுங்கள். ‘நிறையப் போகுது’ என்ற சொல்லை நம்பி உற்பத்தியைக் கூட்டிய குழுக்கள் இங்கேதான் சரிகின்றன.

ஒரு கடையிலிருந்து மட்டும் திரும்பி வருவது குறையாமல் இருந்தால் ஃபிரிட்ஜைப் பாருங்கள். கரண்ட் பில் மிச்சமாகட்டும் என்று சில கடைகளில் இரவு ஷட்டர் இறக்கும்போது ஃபிரிட்ஜையும் அணைத்துவிடுகிறார்கள். குளிர்பானத்துக்கு ஒன்றும் ஆகாது, மாவு காலையில் பொங்கி நிற்கும். அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தைக் காட்டும் சிறு வெப்பமானியைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டே உள்ளே வைத்து மறுநாள் பாருங்கள். அண்ணாச்சியிடம் சண்டை வேண்டாம். அணைக்காமல் இருக்க முடியாது என்றால் அந்தக் கடைக்குக் காலையில் கொடுத்து மாலையில் மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம், இல்லையேல் அந்தக் கடை வேண்டாம். இப்படி ஒரு விஷயம் உண்டு என்பதை எந்தச் சந்தை ஆய்வு அறிக்கையும் எங்களுக்குச் சொல்லவில்லை.

குழுவுக்குள் வேகம் வர ஒரே ஒரு விதி பெரிதாக உதவியது. 5,000 ரூபாய்க்குள், ஒரு வாரத்துக்குள், யார் உடல்நலத்துக்கும் ஆபத்தில்லாமல், பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய எதையும் பொறுப்பானவர் யாரையும் கேட்காமல் செய்யலாம். செய்த பிறகு அட்டையைக் குழுவில் போட்டால் போதும். அதற்கு மேல் போனால் இரண்டு பேர் ஒப்புதல். செய்முறை ஒருவர், கடைகள் ஒருவர், கணக்கு ஒருவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒருவரின் பெயர் இருக்க வேண்டும், ‘எல்லோரும் சேர்ந்து’ என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள். வாரக் கூட்டம் நின்றபடி அரை மணி நேரம்; போன வார அட்டைகளின் எண்களும் அடுத்த வார அட்டைகளும் மட்டும். சோதனை தோற்றால் அட்டை எழுதியவரைக் குறை சொல்லக் கூடாது என்பதை வாய்விட்டுச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை யாரையாவது ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று கேட்டுவிட்டால், அதன்பின் யாரும் புதிதாக எதையும் முயலமாட்டார்கள், எல்லாம் மறுபடி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கே வந்து சேரும்.

சிறிய எண்களைப் படிப்பதில் கவனம் வேண்டும். வகைக்கு இருபது வீட்டில் கொடுத்து, ஒன்றைப் பன்னிரண்டு வீடும் இன்னொன்றைப் பத்து வீடும் மறுபடி கேட்டால் அது வித்தியாசமே இல்லை, எது செலவு குறைவோ அதை எடுத்துக்கொண்டு நகருங்கள். பன்னிரண்டுக்கு மூன்று என்றால் அது பதில். பொங்கல், ஆடி, பள்ளி விடுமுறை வாரங்களில் வரும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வாங்குவதை நிறுத்தியவர்களை அழைத்துப் பேசுங்கள், மறுபடி வாங்கச் சொல்லிக் கெஞ்சாமல் ‘கடைசியா வாங்கினது என்ன ஆச்சுங்க?’ என்று மட்டும் கேட்டுவிட்டு அமைதியாகக் கேளுங்கள். ‘நல்லா இருந்துச்சு, ஆனா குழந்தைங்க நிறத்தைப் பார்த்துட்டு சாப்பிடல’ என்பது போன்ற பதில் அப்போதுதான் வரும். நிறுத்த வேண்டிய எண் வந்தால் நிறுத்துங்கள். தினை மாவை நிறுத்தியபோது வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அதில் போனது சில ஆயிரம் மட்டும்.

அச்சடித்த ஃபிலிமுக்கு எப்போது போகலாம் என்றால், ஸ்டிக்கரில் உள்ள எழுத்து மூன்று மாதமாக மாறாமல் இருக்க வேண்டும், இடம் மாறும் பேச்சு இருக்கக் கூடாது, அச்சகம் சொல்லும் குறைந்தபட்ச அளவு இப்போது விற்கும் வேகத்திலேயே ஆறு மாதத்தில் தீர வேண்டும். விற்கப் போகும் வேகத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அச்சுக்குக் கொடுக்கும்போது நிறங்களை இரண்டாகக் குறைத்தால் சிலிண்டர் செலவும் குறையும். சிலிண்டர் யாருக்குச் சொந்தம், எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். விலை, தேதி, தொகுதி எண் மூன்றுக்கும் வெற்றுக் கட்டம் விட்டு, கையால் அடிக்கும் கோடிங் முத்திரையில் நிரப்பிக்கொள்ளுங்கள். உளுந்து விலை ஏறும் மாதத்தில் அந்தக் கட்டத்தின் அருமை தெரியும்.